மான்தோலில் மஞ்சள்

எனக்குக் கை சும்மா இராது. இந்தக் குணத்தால் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமில்லை. ஒழுங்காக மடித்து வைத்த சேலையை எடுத்து மறுபடி மடிப்பேன். உப்புச் சரியாக இருக்கிற கறிக்கு இன்னும் ஒரு சிட்டிகை போடுவேன். அப்படிப் போட்ட ஒரு சிட்டிகையின் கதையைத்தான் எழுதப்போகிறேன். போட்டது உப்பில்லை, மஞ்சள். ஒரு பெண், பனி கொட்டுகிற ஒரு மாரிகாலம் முழுவதும் குந்தியிருந்து மணி தைத்த வெள்ளை மான்தோல் ஜக்கெற்றில் அதைப் போட்டுவைத்தேன்.

எண்பத்து நான்கில், இலைகள் கொட்டிக்கொண்டிருந்த நேரம், நான் ரொறன்ரோவுக்கு வந்தேன். வயது இருபத்தெட்டு. கணவர் ஊரில் நின்றுவிட்டார், காகிதங்கள் சரிவந்தால் வருவார் என்ற நிலை. ஸ்காபரோவில் ஒன்பதாம் மாடியில், மன்னாரைச் சேர்ந்த ஒரு அக்காவோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டேன். அக்கா பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை. வேதக்காரி, கத்தோலிக்கம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த வாயாலேயே மத்தியானம் ஊரில் உள்ள எல்லோரையும் கிழிப்பாள். எனக்கு அவளைப் பிடித்ததே அதனால்தான்.

எனக்குத் தெரிந்த ஒரே தொழில் தையல். யாழ்ப்பாணத்தில் கலியாணப் பெண்களுக்குச் சேலைச் சட்டை தைத்து, கழுத்துக்கும் கைக்கும் மணியும் ஜிகினாவும் வைத்துக் கொடுப்பேன். குயின் தெருவில் நூலும் பொத்தானும் விற்கிற ஒரு கடைக்குக் கொக்கி வாங்கப் போன இடத்தில், கண்ணாடியில் ஒரு கையெழுத்து மட்டை ஒட்டியிருந்தது. கைத்தையல் தெரிந்த ஆள் தேவை, மணியோடு பொறுமை வேண்டும் என்று எழுதியிருந்தது. பொறுமை எனக்கு எதிலும் கிடையாது. ஆனால் மணியோடு மட்டும் இருந்தது.

மட்டையில் இருந்த விலாசம் ஒரு சப்பாத்துத் திருத்துகிற கடையின் மேல்மாடி. கதவைத் திறந்தவளுக்கு நாற்பது தாண்டியிருக்கும். கறுத்த தலைமயிரை வெள்ளைக் கம்பளி நூலால் பின்னால் கட்டியிருந்தாள். என்னிடம் பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. ஒரு ஊசியைத் தந்தாள், ஒரு தோல் துண்டின்மேல் கடுகிலும் சிறிய மணிகளைக் கொட்டினாள். ஊரில் செய்வதுபோல நான் ஊசியைச் சாய்த்து ஒரே குத்தில் எட்டு மணியை அள்ளினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை, விரலை மட்டும் பார்த்தாள். பிறகு போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தாள். எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்பது அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகுதான் விளங்கியது.

இங்கே யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. நான் மனதுக்குள் அவளுக்கு வைத்திருந்த பட்டம் மணிக்காரி. வயதில் மூத்தவளை அப்படிச் சொல்வது மரியாதை இல்லைதான், ஆனால் அந்தப் பட்டத்தை நினைத்தால்தான் அவள் முகம் வருகிறது. அமெரிக்காவில் அரிசோனாப் பக்கம், செவ்விந்தியர் என்று நாங்கள் படித்த பூர்வகுடிகளில் நவஹோ இனத்தவள். ஒரு கனடாக்காரரைக் கலியாணம் செய்து இந்தக் குளிருக்குள் வந்தாள். கலியாணம் போய்விட்டது, குளிர் மிஞ்சிவிட்டது என்பாள். நாங்கள் இருவரும் பேசியது இங்கிலீஷ். என்னுடையது உடைசல், அவளுடையது சுருக்கம். என் காதில் விழுந்தபடியே அதைத் தமிழில் எழுதுகிறேன்.

முதல் இரண்டு கிழமை எனக்கு அவள்மேல் நல்ல கோபம். கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டால் உதட்டைக் குவித்து ஒரு பக்கமாக நீட்டுவாள். என்னைப் பார்த்துப் பழிப்புக் காட்டுகிறாள் என்று நினைத்து நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். மூன்றாவது கிழமைதான், உதடு நீட்டுகிற பக்கம் கத்தரிக்கோல் இருப்பதைக் கண்டுபிடித்தேன். அவர்கள் ஆட்கள் விரலால் சுட்டமாட்டார்களாம், உதட்டால்தான் காட்டுவார்களாம். கண்ணுக்குள் பார்த்துப் பேசுவதும் அவளுக்குப் பழக்கமில்லை. பெரியவர்களை நேரே பார்த்துப் பேசாதே என்று வளர்க்கப்பட்ட எனக்கு அது பெரிய ஆறுதல். இந்த நாட்டில் எல்லோரும் கண்ணைத் துளைத்துப் பேசுகிற நேரத்தில், நாங்கள் இரண்டுபேரும் மணியைப் பார்த்துக்கொண்டே மூன்று வருடம் பேசினோம்.

அவள் தைத்தவை நான் அதுவரை கண்டிராத உடுப்புகள். ஊதா, கருஞ்சிவப்பு வெல்வெற்றில் சட்டைகள், தோளிலிருந்து மணிக்கட்டு வரை வெள்ளிப் பொத்தான்கள். அதெல்லாம் அவர்களுடைய ஊர் வழக்கம். அதற்கு மேலே அவளுடைய சொந்தக் குறும்பு இருக்கும். ஒரு நீண்ட கறுப்புக் கோட்டின் முதுகில் ரொறன்ரோவின் மாடிக் கட்டிடங்களை வரிசையாக மணியால் தைத்தாள், கட்டிடங்களுக்குப் பின்னால் அவளுடைய ஊரின் சிவப்பு மலை தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். இது உண்மையான நவஹோ உடுப்பா என்று வாங்க வந்தவர்கள் கேட்பார்கள். நான் நவஹோ, நான் தைத்தேன், பிறகென்ன என்பாள். இறகு வைத்தது இல்லையா என்று கேட்ட ஒருவரிடம், கோழிக்கடை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என்றாள். நீங்கள் இரண்டுபேரும் இந்தியரா என்று இன்னொருவர் கேட்டபோது, இருவரும் ஒரே குரலில் இல்லை என்றோம். அவர் போன பிறகு வயிறு நோகச் சிரித்தோம்.

அவளிடம் தையற்பொம்மை கிடையாது. பொம்மை நடக்காது என்பாள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில், அந்தக் கிழமை எவ்வளவு முடிந்திருந்தாலும், அரைகுறை உடுப்பை நான் போட்டுக்கொண்டு நடக்கவேண்டும். படி இறங்கி ஏறவேண்டும், கதிரையில் இருந்து எழும்பவேண்டும், மேல் தட்டிலிருந்து தேயிலைப் பேணியை எட்டி எடுக்கவேண்டும். அவள் யன்னலோரம் இருந்து பார்ப்பாள். கையைத் தூக்கும்போது மணி வரிசை சுருங்கினால் திங்கட்கிழமை அதை அவிழ்ப்பாள். ஒரு முழுக் கிழமை வேலையைக்கூட முகம் கோணாமல் அவிழ்ப்பதைப் பார்த்திருக்கிறேன். சுவரில் தொங்கும்போது எல்லாம் வடிவாகத்தான் இருக்கும், ஆள் உள்ளே போனால்தான் அது உடுப்போ இல்லையோ என்று தெரியும் என்பாள். யாழ்ப்பாணத்தில் நான் தைத்த சட்டைகளைப் போட்டுக்கொண்டு மணவறையில் அசையாமல் இருந்த பெண்கள் எல்லோரும் அப்போது என் ஞாபகத்துக்கு வந்தார்கள். அந்தச் சட்டைகளோடு அவர்களுக்குக் கையைத் தூக்க முடிந்ததா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இனி நான் யாருக்கும் சொல்லாமல் செய்துவந்த வேலையைச் சொல்லவேண்டும். புது உடுப்பென்றால் எங்கள் வீட்டில் ஒரு மூலையில் மஞ்சள் வைத்துத்தான் உடுப்போம். வருடப்பிறப்போ தீபாவளியோ, கடையில் வாங்கிய உள்பாவாடையானாலும் ஒரு பொட்டு மஞ்சள் இல்லாமல் உடம்பில் ஏறாது. ஊசி குத்தினால் விரலில் வைக்கவென்று ஜெராட் தெருவில் வாங்கிய மஞ்சள்தூளை ஒரு வெறும் மருந்துப் போத்தலில் போட்டு, தேயிலைப் பேணிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒவ்வொரு உடுப்பும் முடிந்து கட்டுகிற நேரம், விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு, கீழ் மடிப்பின் உள்மூலையில் வைத்துவிடுவேன். வாங்குகிறவளுக்கு அது நல்லாக இருக்கட்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. ஊதா வெல்வெற்றில் மஞ்சள் யார் கண்ணுக்குத் தெரியும்? மணிக்காரிக்கும் தெரியவில்லை.

எண்பத்தைந்து கடைசியில் அவளுடைய அண்ணன் ஊரிலிருந்து ஒரு பார்சல் அனுப்பினார். உள்ளே வெள்ளை மான்தோல். கன்னத்தில் வைத்தால் குழந்தையின் வயிறுபோல இருந்தது. அதே மாதம் நகரின் நடுவில் உள்ள ஒரு கலைக்கூடத்திலிருந்து ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்தாள். பெரிய கண்ணாடி, பெரிய காதுவளையம். உடுக்கிற கலைக்கென்று ஒரு கண்காட்சி வைக்கப்போகிறோம், வசந்தம் தொடங்கும்போது, உங்களுடைய ஒன்றுக்கு இடம் வைக்கிறேன், புதிதாக ஒன்று செய்து தாருங்கள் என்று சொல்லிப் போனாள்.

மணிக்காரி அன்று பின்னேரம் வேலை செய்யவில்லை. அதுவரை அவளுடைய உடுப்புகளை வைத்த இடமெல்லாம் நினைவுப்பொருள் மேசைதான். ஒரு பக்கம் பொம்மை, மறுபக்கம் மேப்பிள் இனிப்பு, நடுவில் இவளுடைய ஆறு மாத வேலை. அவள் தோலைத் தடவிக்கொண்டே சொன்னாள், ஒரு தரம், ஒரேயொரு தரம், சித்திரங்கள் நிற்கிற இடத்தில் நான் தைத்தது நிற்கவேண்டும். அவள் தனக்கென்று ஒன்றை ஆசைப்பட்டுச் சொன்னதை நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

அந்த மாரி முழுவதும் ஜக்கெற்தான். தோலில் மணி வைப்பது இரண்டு ஊசி வேலை. ஒன்றில் மணியைக் கோத்துத் தோலின்மேல் கிடத்தவேண்டும். மற்றது இரண்டிரண்டு மணிகளுக்கு ஒரு தரம் அந்த நூலைத் தோலோடு பிடித்துக் கட்டிக்கொண்டு வரும். ஊசி தோலை ஊடுருவக் கூடாது, பாதித் தடிப்புக்குள்ளேயே போய்த் திரும்பவேண்டும். அவர்களுடைய நாட்டின் நான்கு எல்லையிலும் நான்கு மலைகள் இருக்கின்றனவாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமாம். முதுகில் இரண்டு, கைக்கு ஒன்றாக இரண்டு என்று வெள்ளை, நீலப்பச்சை, மஞ்சள், கறுப்பு மணிகளால் அவற்றைத் தைத்தாள். வெள்ளைத் தோலில் வெள்ளை மலை தெரியவேண்டும் என்பதற்காக மூன்று விதமான வெள்ளை மணி. கீழ் விளிம்பைச் சுற்றி ஒரு நீலப்பச்சைக் கோடு மட்டும். அந்தக் கோடு என்னுடைய வேலை, அவள் என்னை நம்பித் தந்தது. தெருவில் டிராம் போகும்போது மேசை அதிரும், மணிகள் தோல் துண்டில் நடுங்கும், இரண்டுபேரும் ஊசியைத் தூக்கிக்கொண்டு அது போகும்வரை காத்திருப்போம்.

வெள்ளிக்கிழமைகளில் நான் அதைப் போட்டுக்கொண்டு நடந்தேன். கையைத் தொங்கவிட்டால் மலைகள் துண்டு துண்டாக நின்றன. தேயிலைப் பேணிக்கு இரண்டு கையையும் தூக்கினால் கையிலிருந்த மலைகள் எழும்பி, முதுகில் இருந்தவற்றோடு போய்ச் சேர்ந்து ஒரே தொடராகின. எனக்கு முதுகு தெரியாதே. அவள் ஒரு கண்ணாடியைப் பிடித்து எனக்குக் காட்டினாள். அந்தக் கிழமைதான் அவள் எதையும் அவிழ்க்கவில்லை.

கொடுக்கவேண்டிய நாளுக்கு முதல்நாள் பின்னேரம் வேலை முடிந்தது. மணிக்காரி நல்ல பெட்டி ஒன்று தேடிக் கீழே போனாள். நான் கடைசி நூலை அறுத்து, ஜக்கெற்றை வெள்ளைக் கடதாசியில் கிடத்தினேன். பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். கை தானாகத் தட்டுக்குப் போனது. இவ்வளவு பெரிய காரியத்துக்குப் போகிறதே என்று, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே எடுத்தேன். தூளாக வைத்தால் உதிரும் என்று ஒரு துளி தண்ணீரும் விட்டுக் குழைத்தேன். வலது பக்கக் கீழ்மூலையில், உள்ளே, பயறளவு வைத்துக் கடதாசியால் மூடினேன். மனம் நிறைந்து பஸ் ஏறிப் போனேன்.

வெல்வெற் என்றால் மஞ்சளை விழுங்கிவிட்டுப் பேசாமல் இருக்கும். மான்தோல் அப்படியில்லை. அது தண்ணீரைக் குடிக்கும். காலையில் நான் வந்தபோது மணிக்காரி மேசைக்கு முன்னால் நின்றாள். பெட்டி திறந்திருந்தது. அவள் உதட்டைக் குவித்து நீட்டினாள். வலது கீழ்மூலையில், வெளிப்பக்கம், வெள்ளைத் தோலில் பத்துச் சத நாணயமளவு மஞ்சள்.

நான் சவர்க்காரத்தை எடுக்க ஓடினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். தொடாதே, பரவும் என்றாள். பிறகு, இது என்ன என்றாள்.

உடைந்த இங்கிலீஷில் சொன்னேன். எங்கள் ஊரில் புது உடுப்புக்கு இது வைப்போம், நல்லது நடக்க, கண்படாமல் இருக்க என்று. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் என் மணிக்கட்டை விட்டாள். பிறகு தன் கைப்பையிலிருந்து ஒரு சின்னத் தோல் முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே மஞ்சள் நிறத் தூள். சோளப்பூவின் மகரந்தமாம். பிரார்த்தனைக்கு, நல்ல காரியத்துக்கு அவர்கள் வைப்பது.

"இன்றைக்குக் காலை இதை வைக்கத்தான் வந்தேன்" என்றாள். "நீ முந்திவிட்டாய். எங்களுடையது காற்றில் பறந்துவிடும். உன்னுடையது போகாதுபோல."

நான் இன்னும் அழுதேன். அவளுக்கு ஏதோ உறைத்திருக்கவேண்டும், சட்டென்று தலையைத் திருப்பினாள். "முந்தித் தைத்தவற்றுக்கும் வைத்தாயா?"

"எல்லாவற்றுக்கும்."

"கட்டிடம் போட்ட கோட்டுக்கு?"

"அதுக்கும்."

அவள் கதிரையில் இருந்து சிரித்தாள். இந்த நகரம் முழுவதும் எத்தனை பெண்கள் உன் மஞ்சளோடு திரிகிறார்கள் என்று கேட்டுச் சிரித்தாள். நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். ஆனால் மத்தியானம் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்பது இருவருக்கும் தெரியும், சிரிப்பு கனநேரம் நிற்கவில்லை.

நான் ஊசியை எடுத்தேன். மஞ்சள் மணியால் சின்னதாக ஒரு பூ வைத்து மூடிவிடலாம், அரை மணித்தியாலம் போதும் என்றேன். அவள் மஞ்சள் மணிக் குப்பியை எடுத்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், திரும்ப வைத்துவிட்டாள்.

"வேண்டாம். மூடினால் அழுக்கு என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. பூசி ஆசீர்வதித்ததை நான் ஒளிக்கமாட்டேன்."

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. பிழை விட்டவள் நான். அதைத் திருத்துகிற வழியும் என் கையில் இருக்கிறது. இவள் விடமாட்டேன் என்கிறாள். இங்கிலீஷ் எங்கோ போய்விட்டது. "உங்களுக்கென்ன விசரே? அரை மணித்தியால வேலை! இதுக்காகவே இந்த மாரி முழுக்கக் கண்ணைக் குத்திக்கொண்டு இருந்தனீங்கள்? தாங்கோ இங்க!" என்று தமிழில் கத்தினேன். ஒரு சொல்லும் தெரியாதவளுக்கு முழுவதும் விளங்கியது. பெட்டியை மூடிக் கயிறு கட்டி, கோட்டைப் போடு, டிராம் வந்துவிடும் என்றாள்.

கலைக்கூடத்துப் பெண் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். மலைகளைப் பார்த்து ஆ என்றாள். மூலைக்கு வந்ததும் கை நின்றது. இது கறையல்லவா என்றாள். மணிக்காரி, கறையில்லை, இது வைத்தது என்றாள். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றி, மிக மரியாதையாக, கறைப்பட்ட உடுப்பை வைக்க எங்களுக்கு விதியில்லை, மூடித் தைத்துத் தரமுடியுமா, நாளை மாலை வரை பொறுப்பேன் என்றாள். நான் மணிக்காரியின் முழங்கையைப் பிடித்து நசித்தேன். அவள் அசையவில்லை. நன்றி என்று சொல்லிப் பெட்டியை மூடினாள். போகும்போது மடியில் வைத்துக்கொண்டு போன அதே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தோம். வழியில் கேட்டேன், என்னால்தானே இது போனது என்று. அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கு அறைக்கு வந்து மன்னார் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் பிஸ்கற் மா படிந்த காலுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"என்னடி சொல்லுறாய்? தோலிலயோ மஞ்சள் பூசினனீ?"

"ஓம் அக்கா."

"எங்கட சுவாமியெண்டால் ரெண்டு துளி தீர்த்தம் தெளிச்சு விட்டிருப்பார். காய்ஞ்சு போயிருக்கும். உங்கட ஆக்களுக்குத்தான் போகாத சாமானாப் பாத்துப் பூசவேணும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அக்கா சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்தாள். "நாளைக்கு வேலைக்குப் போ. ஒளிச்சிருந்தியெண்டால்தான் பிழை" என்றாள்.

போனேன். மணிக்காரி ஒரு ஊதாச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். சட்டையின் மற்றக் கையை என் பக்கம் நீட்டினாள், இதை நீ தை என்று. அந்தக் கிழமை ஜக்கெற்றைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. எனக்கு அதுதான் பெரிய தண்டனை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏதும் சொல்லி ஆறியிருப்பேன்.

அடுத்த வியாழக்கிழமை கண்காட்சித் திறப்பு. கலந்துகொள்கிறவளென்று அவளுக்கு முன்பே அனுப்பிய இரண்டு அழைப்பு மட்டைகள் யன்னலில் கிடந்தன. நான்கு மணிபோல அவள் ஒன்றை எடுத்து என்னிடம் தந்தாள். முகத்தைக் கழுவு, போவோம் என்றாள். பிறகு பெட்டியைத் திறந்து ஜக்கெற்றை எடுத்தாள். நான்கு மாதமும் அதை நடக்கவைத்தவள் நான். அவள் போட்டதை அன்றைக்குத்தான் கண்டேன். எனக்குப் பொருந்தியதைவிட அவளுக்கு நன்றாகப் பொருந்தியது.

கலைக்கூடத்தில் நல்ல சனம். வாசலில் கோட்டுகளை வாங்கித் தொங்கவிடுகிற பெண், குளிர்க்கோட்டை வாங்கிக்கொண்டு ஜக்கெற்றுக்கும் கையை நீட்டினாள். மணிக்காரி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். உள்ளே ஒவ்வொரு உடுப்பும் கம்பியில் கையை விரித்துக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில், தொடாதே என்ற மட்டையோடு நின்றது. வடிவான உடுப்புகள்தான், பொய் சொல்லக்கூடாது. மணிக்காரி ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று மரியாதையாகப் பார்த்தாள். குனிந்து தையலைப் பார்த்தாள். மேசையின் உயரத் தட்டுக்கு இரண்டு கையையும் தூக்கி எட்டி ஒரு தோடம்பழச் சாற்றை எடுத்தாள். அவள் எட்டியபோது பின்னால் நின்ற நான் பார்த்தேன். நான்கு மலையும் எழும்பி ஒன்றாகச் சேர்ந்தன.

பார்த்தது நான் மட்டுமில்லை. பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு அவர்கள் அவளுக்குப் பின்னால் நகர்ந்து வந்தார்கள். அவள் திரும்ப, அவர்களும் சுற்றினார்கள். ஒரு கிழவர் கையிலிருந்த பட்டியலைப் புரட்டி, இது எத்தனையாம் இலக்கம் என்று அவளிடமே கேட்டார். இலக்கம் இல்லை, என்னோடு வந்தது என்றாள். கலைக்கூடத்துப் பெண் தூரத்தில் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றாள். அவள் கிட்ட வரவில்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு இளம்பெண் குனிந்து, மூலையில் இந்த மஞ்சள் என்ன என்று கேட்டாள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம்போல இருந்தது. மணிக்காரி உதட்டைக் குவித்து என் பக்கம் நீட்டினாள்.

"அவள் வைத்தது. புதிசுக்கு மஞ்சள் வைக்கிறது அவளுடைய ஊரிலும் வழக்கம், என்னுடைய ஊரிலும் வழக்கம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்களுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. எனக்கு அந்த நேரம் அவளைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல இருந்தது. கட்டிப்பிடிக்கவில்லை. இரண்டுபேருக்கும் அந்தப் பழக்கமில்லை.

அந்தக் கண்காட்சியின் படப் புத்தகத்தில் ஜக்கெற் இல்லை. அன்று யாரோ படம் பிடித்திருக்கலாம், என்னிடம் ஒன்றும் கிடையாது. சித்திரங்கள் நிற்கிற இடத்தில் அது ஒரு பின்னேரம் நின்றது, அவ்வளவுதான். அந்த ஒரு பின்னேரம் அவளுக்குப் போதுமாக இருந்ததா, அல்லது என் சிட்டிகை அவளுடைய ஆசையைக் கெடுத்துவிட்டதா என்பது என் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. கேட்கத் தைரியம் வரவில்லை. வேலைக்குப் போனேன், மணி தைத்தேன், வெள்ளிக்கிழமைகளில் நடந்தேன். மஞ்சளை மட்டும் நிறுத்திவிட்டேன். போத்தல் தட்டிலேயே கிடந்தது.

எண்பத்தேழில் என் கணவர் வந்து சேர்ந்தார். அதே வருடக் கடைசியில் மணிக்காரி ஊருக்குத் திரும்புவதென்று முடிவெடுத்தாள். அண்ணனுக்குச் சுகமில்லை, ஆடுகளைப் பார்க்க ஆளில்லை என்றாள். இரண்டு நாளாக இருவரும் சாமான் கட்டினோம். மணிக் குப்பிகள், வெல்வெற், மெசின் எல்லாம் பெட்டிக்குள் போயின. கடைசியாகத் தட்டைத் துடைக்கும்போது என் மஞ்சள் போத்தலைக் காணவில்லை. குப்பையோடு போயிருக்கும் என்று நினைத்தேன். தேயிலைப் பேணியை அவள் எனக்குத் தந்தாள். பஸ் நிலையத்தில் கையைப் பிடித்தாள், அவர்கள் பிடிப்பதுபோல, நசிக்காமல் மெல்ல. போய்விட்டாள். நான் ஸ்காபரோவுக்கு வருகிற வழி முழுவதும் அழுதேன், பக்கத்தில் இருந்தவர் எனக்கு ஒரு கைக்குட்டை தந்தார்.

அடுத்த வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். மணிக்காரிக்குக் கடிதத்தில் எழுதியிருந்தேன். ஒரு மாதம் கழித்து அரிசோனா முத்திரையோடு ஒரு சின்னப் பெட்டி வந்தது. கடிதம் இல்லை. அவள் எழுதுகிறவள் இல்லை. கடதாசியைப் பிரித்தால், என் உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய ஒரு சோடி வெள்ளை மான்தோல் சப்பாத்து. விளிம்பைச் சுற்றி ஒரு நீலப்பச்சை மணிக் கோடு, ஜக்கெற்றுக்கு நான் தைத்த அதே கோடு. வலது சப்பாத்தின் வெளிப்பக்க மூலையில், எல்லோருக்கும் தெரியக்கூடிய இடத்தில், பத்துச் சத நாணயமளவு மஞ்சள்.

மகரந்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். விரலால் தடவினேன், உதிரவில்லை. மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். மஞ்சள்தான். என் மருந்துப் போத்தல் மஞ்சள். தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்திருந்தாள்.

நான் கட்டிலில் இருந்துகொண்டு தேம்பினேன். கணவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"உதென்ன, புதுச் சப்பாத்தில ஊத்தை பிரண்டு கிடக்கு" என்றார். "தாரும், கழுவிக்கொண்டு வாறன்."

"ஐயோ, கழுவிப்போடாதேங்கோ" என்று அவர் நீட்டிய கைக்கு எட்டாமல் அதை இழுத்துக்கொண்டேன்.